மேடானுக்கு நான் எடுக்காத கோல்

பேய், ஆவி, சாமியாடுறது எண்டு ஆரும் கதைக்கத் தொடங்கினால் நான் எழும்பித் தேத்தண்ணி போடப் போற ஆள். கொலோனில ஒரு அம்மா குறி சொல்லுறா எண்டு சனம் கார் பிடிச்சுப் போகேக்கையும் நான் போகேல்லை. ஜேர்மனியில, இந்த வுப்பர்டாலில எனக்கு இருபத்தாறு வருசம், அதில பத்தொன்பது வருசம் ஆஸ்பத்திரித் துணி தோய்க்கிற இடத்தில வேலை, செத்தவையின்ர படுக்கை விரிப்பெல்லாம் என்ர கையாலதான் போறது, ஒருநாளும் ஒரு பயமும் வந்ததில்லை. ஆனபடியால் நீங்கள் இதை நம்பாட்டில் எனக்குக் கோவம் வராது. நம்பாமல் இருக்கத்தான் எனக்கும் விருப்பம். ஏலாமல் கிடக்கு.

என்ர தம்பி குகன் அவுஸ்திரேலியாவுக்குப் படகேறப் போய் இந்தோனேசியாவில பிடிபட்டவன். முகாமில கனவருசம் கிடந்து, பேந்து மேடான் எண்ட பட்டினத்தில இருக்க விட்டவை. அங்கேயே டேவி எண்டு ஒரு ஜாவாக்காரப் பிள்ளையைக் கட்டினான், ரெண்டு பிள்ளையள். ஆனால் அவனுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. இஞ்ச எடுப்பம் எண்டு நான் எழுதிப் போட்ட அன்ட்ராக் விண்ணப்பமெல்லாம் ஒண்டொண்டாத் திரும்பி வந்தது. என்ர மனுசன் செத்துப் போன பிறகு, பிள்ளை குட்டியும் இல்லை, ஆருக்கு வச்சிருக்கப் போறன் எண்டு இருந்ததை எல்லாம் போட்டு மேடானில ஒரு வீடு வாங்கினன். வெளிநாட்டுக்காரர் அங்க காணி வாங்கேலாது, அதால டேவியின்ர பேரில. கீழ குடும்பம், மேல பலகை அடிச்ச ஐஞ்சு அறை, கல்லூரியில படிக்கிற பொம்பிளைப் பிள்ளையளுக்கு மாச வாடகைக்கு. கோஸ் எண்டு சொல்லுவினம் அந்த மாதிரி வீட்டை. அதுதான் அவையின்ர சாப்பாடு, எனக்கும் பென்சன் எடுத்தாப் பிறகு போய் இருக்க ஒரு இடம்.

நான் போய் மூண்டு மாசம் இருந்தும் பாத்தனான். ஒழுங்கை எண்டால் ஒழுங்கை, ரெண்டு மோட்டச்சைக்கிள் எதிரெதிரா வந்தால் ஒண்டு ஆற்றையாவது குசினிக்குள்ள ஏறித்தான் நிக்கோணும். மிளகாய்ச் சம்பல் அரைக்கிற மணம், பள்ளிவாசல் பாங்கு, தலைக்கு மேல கொடி மாதிரிப் பின்னிக் கிடக்கிற கரண்ட் வயர். இஞ்ச என்ர பக்கத்து வீட்டுக்காரியின்ர முதல் பேர் எனக்குத் தெரியாது, அங்க நான் போன மூண்டாம் நாள் முழு ஒழுங்கைக்கும் என்ர பேர் தெரியும். ஒழுங்கைத் தலைவர் ஒரு வயசான மனுசன், என்னையும் அவையின்ர வட்ஸ்அப் குழுவில சேத்துவிட்டவர். விளங்குதோ இல்லையோ நான் அதை ஒவ்வொரு நாளும் திறந்து பாக்கிறனான், ஆற்றை பூனை காணாமல் போச்சு, ஆருக்குக் கலியாணம் எண்டு.

பேந்துதான் பிரச்சினை. கடைத்தொகுதி கட்டப்போறம் எண்டு ஆரோ வந்து ஒவ்வொரு வீடா வாங்கத் தொடங்கினாங்கள். சனம் வித்துப்போட்டுப் போகப் போகப் பாதி ஒழுங்கை பூட்டிக் கிடந்தது, வெறும் வீட்டில கண்டவையும் வயர் கொழுவிக் கரண்ட் எடுத்தினம். ரெண்டு தரம் நெருப்புப் பிடிச்சு அணைச்சவையாம். குகன் வேண்டாம் அக்கா, குடுத்துப்போட்டு எங்கையாவது வாடகைக்குப் போவம், பிள்ளையளோட பயமாக் கிடக்கு எண்டு கெஞ்சினான். எனக்கு விசர் வந்திட்டுது. அரை விலைக்குக் கேக்கிறாங்கள், இதை விட்டால் எனக்கு வேற ஒண்டும் இல்லை. ஆள் இல்லாட்டில் வீட்டை உடைச்சுப் பிடிச்சிடுவாங்கள் எண்ட பயம் வேற. நான் என்ன சொன்னனான் தெரியுமே? "அந்த வீட்டை விட்டு நீ ஒரு அடி வெளிய வச்சியோ, எனக்குத் தம்பி எண்டு ஒருத்தன் இல்லை."

"ஓம் அக்கா," எண்டான். அவ்வளவுதான். அதுக்குப் பிறகு பதினொரு நாள் நாங்கள் கதைக்கேல்லை. அவன் சொல்லுக் கேக்கிறவன், அதுதான் அவனில உள்ள பிழை.

எனக்கு அந்த நேரம் தலையிடி. டொக்டர் மண்டையை ஸ்கேன் பண்ணோணும் எண்டு எம்ஆர்டிக்கு எழுதித் தந்தவர். குகனுக்கு நான் சொல்லேல்லை, கோவம் ஒருபக்கம், அவனை ஏன் பயப்படுத்துவான் எண்டும். தை மாசம், காலமை ஒன்பதேகாலுக்கு வரச்சொல்லி டெர்மின். போனையும் சங்கிலியையும் ஒரு சின்ன அலுமாரியில வச்சுப் பூட்டிப்போட்டு, திறப்பை ஸ்கேன் எடுக்கிற ஜேர்மன் பிள்ளையிட்டக் குடுத்துப்போட்டுத்தான் உள்ளுக்கப் போனனான். இதை வடிவாக் கேளுங்கோ, போன் என்னட்ட இல்லை. கையில ஊசி மருந்து ஏத்தி, தலையில கூடு மாதிரி ஒண்டை மாட்டிக் குழாய்க்குள்ள தள்ளினவை. டம் டம் எண்டு காது கிழியிற சத்தம். அந்தச் சத்தத்தில ஆரும் நித்திரை கொள்ளுவினமே? நான் கொண்டனான். கண்ணை மூடினது தெரியும், பிறகு ஒண்டும் தெரியாது, கனவுகூட இல்லை.

ஆரோ பெலத்துக் கூப்பிட்டு முழிச்சால், என்னை வெளிய இழுத்து வச்சிருக்கினம். அந்த ஜேர்மன் பிள்ளையின்ர முகம் வெளிறிக் கிடக்கு.

"ஆரோட கதைச்சனீங்கள்?" எண்டு கேட்டாள்.

"நான் நித்திரையெல்லோ," எண்டன்.

"இல்லை. ஐஞ்சு நிமிசமா உங்கட பாசையில கத்திக்கொண்டிருந்தனீங்கள். கேள்வி கேக்கிறியள், பிறகு மறுமொழிக்குப் பொறுத்து நிக்கிறியள், பிறகு திரும்பக் கத்திறியள். நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேக்கவே இல்லை."

தொண்டை நொந்தது, அது உண்மை. ஊசி மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளேல்லை எண்டு அவளும் நினைச்சாள், நானும் நினைச்சன். உடுப்பை மாத்திப்போட்டு அலுமாரியைத் திறந்து போனை எடுத்தால், ஒழுங்கைக் குழுவில நூத்துக்கணக்கில தகவல். முதல் வீடியோவைத் திறந்தன். நெருப்பு. எங்கட வீட்டு நீலத் தகரக் கதவு, அதுக்கு மேல ஒண்டும் இல்லை, வெறும் நெருப்பு. அங்க அப்ப பின்னேரம் நாலு மணி, பிள்ளையள் பள்ளிக்கூடத்தால வந்து நிக்கிற நேரம்.

குகனுக்கு அடிச்சன். போகேல்லை. டேவிக்கு அடிச்சன், போகேல்லை. ஒழுங்கைத் தலைவருக்கு அடிச்சால் மணி போகுது, ஆரும் எடுக்கினம் இல்லை. குழுவில எனக்குத் தெரிஞ்ச நாலு இந்தோனேசியச் சொல்லில எழுதினன், என்ர தம்பி எங்க, பிள்ளையள் எங்க எண்டு. ஒருத்தரும் மறுமொழி இல்லை, வீடியோ மட்டும் வந்துகொண்டே இருக்கு. எப்பிடி ரயிலில ஏறினன் எண்டு தெரியாது. உங்களுக்குத் தெரியும்தானே எங்கட ஊர் ரயில், ஆத்துக்கு மேல தொங்கிக்கொண்டு போறது. நான் இறங்கோணும் எண்ட நினைப்பே இல்லாமல் கடைசி ஸ்டேசனுக்குப் போய், திரும்பி வந்து, திரும்பப் போய், போனை அடிச்சுக்கொண்டே இருந்தன். ஒரு கிழவி எனக்குப் பக்கத்தில இருந்து தண்ணிப் போத்தலைத் திறந்து கையில பிடிப்பிச்சுவிட்டா. எனக்கு மண்டைக்குள்ள ஒண்டே ஒண்டுதான். அவன் வெளிக்கிட்டிருக்க மாட்டான். நான் சொன்னதுக்காக உள்ளுக்கயே நிண்டிருப்பான், தண்ணி ஊத்திக்கொண்டு. ஏழு வயசும் நாலு வயசும். வீடு நாசமாப் போகட்டும், என்னை எடு, என்னை எடு எண்டு குழறினன். ஆரிட்டக் கேட்டன் எண்டு தெரியாது, எனக்குத்தான் அப்பிடிக் கும்பிட ஒருத்தரும் இல்லையே.

ரெண்டரை மணித்தியாலம். அதுக்குப் பிறகு தெரியாத நம்பரில இருந்து ஒரு கோல்.

"அக்கா," எண்டு அவன்ர குரல்.

ரயில் சத்தத்தில கேக்காமல் போயிடும் எண்டு மற்றக் காதைப் பொத்தினன்.

"எல்லாரும் வெளிய, அக்கா. பிள்ளையளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. நீங்கள் கோல் எடுத்திராட்டில் நாங்கள் நாலு பேரும் முடிஞ்சம்."

"என்ன கோல்?"

"என்ன அக்கா விளையாடுறியளே? போனில உங்கட படம் விழுந்து மணி அடிச்சது. பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடு, ஒண்டையும் எடுக்காதை, கெதியா, கெதியா எண்டு கத்தினீங்கள். டேவிக்கும் கேட்டது, ஸ்பீக்கரில போட்டனான். நீங்கள் வெளிக்கிடச் சொல்லுறியள் எண்ட உடனதான் எனக்குப் பயம் பிடிச்சது, நீங்கள்தானே வெளிக்கிடாதை எண்டனீங்கள். நாங்கள் வாசலைத் தாண்டேக்க ஒரு மணமும் இல்லை, புகையும் இல்லை. ஒழுங்கை முடக்குக்குப் போய்த் திரும்பிப் பாத்தால் பக்கத்து வீடு வெடிச்சு எங்கட மேல் தட்டு எரியுது."

"பிறகு?"

"பிறகும் நீங்கள் லைனிலதான். எத்தினை பேர் வெளிய எண்டு கேட்டனீங்கள். நாலு பேர், மேல ஒருத்தரும் இல்லை, எல்லாப் பிள்ளையளும் கல்லூரியில எண்டன். இல்லை, பின்னறையில ஒரு பிள்ளை படுத்திருக்கு, நீ போகாதை, நான் கூட்டிக்கொண்டு வாறன் எண்டனீங்கள். எனக்குப் பிழையாக் கேட்டுதாக்கும் எண்டு நினைச்சன். சனம் இடிச்சதில போன் விழுந்திட்டுது. கொஞ்ச நேரத்தில அந்தப் பிள்ளை இருமி இருமி நடந்து வருது. காய்ச்சல் எண்டு மத்தியானமே வந்து படுத்ததாம், எங்களுக்குத் தெரியாது."

என்ர போனில அப்பிடி ஒரு கோல் இல்லை. நூறு தரம் பாத்தன். அவன்ர போன் சனத்துக்குள்ள விழுந்ததோட சரி, பிறகு கிடைக்கேல்லை. ஸ்கேன் படத்தைப் பாத்த டொக்டர், தலைக்குள்ள ஒண்டும் இல்லை, படமும் அருமையாத் தெளிவா வந்திருக்கு, தலையை ஒரு மயிரளவும் அசைக்காமல் படுத்திருந்திருக்கிறியள் எண்டு பாராட்டினார். ஐஞ்சு நிமிசம் கத்தினவள் அசையாமல் எப்பிடிக் கத்தினவள் எண்டு நான் அவரிட்டக் கேக்கேல்லை.

வீடு போச்சு. காணியை அவங்கள் கேட்ட விலைக்கே குடுத்தாச்சு, குகன் ஆக்கள் இப்ப ரெண்டு அறையில இருக்கினம், நான் இன்னும் துணி தோய்க்கிறன், பென்சன் எண்ட கதை இல்லை. அதெல்லாம் பரவாயில்லை. ஆக்கள் உயிரோட இருக்கினம், அது காணும்.

ஆனால் நாலு மாசம் கழிச்சு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில கதைச்சுக்கொண்டிருக்கேக்க, அந்தக் காய்ச்சல் பிள்ளை டேவியைப் பாக்க வந்திருந்தாள். நான் மேடானால வந்தாப் பிறகு குடிவந்தவள், நான் அவளைக் கண்டதும் இல்லை, அவள் என்னைக் கண்டதும் இல்லை. எட்டிப் பாத்தவள் டக்கெண்டு டேவிக்குப் பின்னால போய் நிண்டிட்டாள். பிறகு மெல்ல முன்னுக்கு வந்து, கும்பிடுற மாதிரிக் கையை வச்சு, ஏதோ கேட்டாள். குகன் சிரிச்சுக்கொண்டு சொன்னான்.

"அக்கா, இவளுக்கு ஏதோ குழப்பம். உங்கட வலது கைக் காயம் மாறீட்டுதோ எண்டு கேக்கிறாள். ஊசி குத்தி நீலமா வீங்கின கையால தன்னை இழுத்துக்கொண்டு படியிறங்கினீங்களாம், நொந்திருக்குமாம்."

ஸ்கேனுக்கு மருந்து ஏத்தேக்க அந்த ஜேர்மன் பிள்ளை நரம்பைத் தவறவிட்டு ரெண்டு தரம் குத்தினவள். வலது முழங்கை மடிப்பில பெரிய நீலக் காயம், ரெண்டு கிழமை கிடந்தது, நான் நீளக் கைச் சட்டையோட திரிஞ்சனான். ஸ்கேனுக்குப் போனதே குகனுக்கு இண்டைக்கும் தெரியாது.

மாறீட்டுது எண்டு சொல்லச் சொன்னன். வேற என்னத்தைச் சொல்லுறது?