முப்பது வருட முத்திரை

அவள் ஓய்வு பெற்றுக் கிளம்பியது மழை பெய்த ஒரு வெள்ளிக்கிழமை. ஊர் ஆவணக் காப்பகத்துக்காக வீடு வீடாகப் போய்ப் பழைய கடிதங்களையும் பத்திரங்களையும் கேட்டு வாங்கி அலமாரிகளைக் காலி செய்தவள் என்பதால், ஊரார் அவளுக்கு வைத்த பெயர் கரையான். கடைசி நாளில் சொந்த வீட்டையும் அவள் விட்டுவைக்கவில்லை. கல்யாணத்துக்கு முன் கணவர் எழுதிய கடிதங்களைப் பெட்டியில் போட்டு முத்திரை வைத்தாள். அந்தரங்கக் கடிதங்களை முப்பது வருடம் யாரும் பிரிக்கக் கூடாது என்பது அவளே போட்ட விதி.

"அம்மா, இதையாவது வீட்ல வெச்சுக்கலாமே," என்றாள் மகள்.

"வீட்ல வெச்சா கரையான் அரிச்சிடும்டி."

"அதான் நீயே அரிச்சிட்டியே!"

கணவர் சிரித்தார். "விடும்மா. எழுதினவனே பக்கத்துல இருக்கேன், கடிதம் எதுக்கு?"

நான்கு வருடம் கழித்து அவர் கண்ணை மூடினார். வீட்டில் அவர் கையெழுத்து என்று மிஞ்சியது ஒரு மளிகைச் சீட்டுதான். யார் கெஞ்சியும் விதியைத் தளர்த்தாதவள், ஒரே ஒரு கடிதத்தைப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று காப்பகத்துக்கு எழுதிப்போட்டாள்.

பல மாதங்களுக்குப் பின் பதில் வந்தது: "மதிப்பிற்குரிய அம்மா, தாங்கள் கையொப்பமிட்ட விதிப்படி, தங்கள் எண்பத்தெட்டாவது வயதில் வந்து படிக்கலாம். பெட்டி பத்திரமாக இருக்கிறது. கரையான் அண்டவில்லை."