ஆலத்தூர் நாட்டில் ஒரு சீமை வீடு

சேலத்தில் கட்டடப் படம் வரைகிற வேலை போய், அடிவாரத்தில் எங்கள் ஊரில் சும்மா உட்கார்ந்திருந்த சமயம் அது. கொல்லிமலையில் காப்பியும் மிளகும் போட்டிருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை வீடு கட்டப்போகிறார், படம் போட ஆள் தேடுகிறார் என்று சந்தையில் சொன்னார்கள். மலைக்கு மோட்டார் ரோடு வராத காலம். காகிதச் சுருளையும் அளவுகோலையும் துணியில் கட்டிக்கொண்டு புளியஞ்சோலை வழியாக நடந்தே ஏறினேன்.

கொல்லிமலையில் பல ஊர்களைச் சேர்த்து ஒரு நாடு என்பார்கள். துரை ஆலத்தூர் நாட்டில் புல் வேய்ந்த குடிசை ஒன்றில் பல வருஷமாகத் தனியாக இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. தோட்டத்து ஆட்களிடம் கேட்டுக் கேட்டே தமிழ் படித்தவர். அவர்களைப் போலவே எல்லோரையும் "சாமி" என்றுதான் கூப்பிடுவார்.

"சீமையிலேர்ந்து என் அக்கா வருது சாமி. இனிமே என்கூடத்தான் இருக்கும். நாங்க வளந்த ஊடு மாதிரியே இங்க ஒண்ணு வேணும். சின்னதா இருந்தாப் போதும், ஆனா அதே ஊடா இருக்கோணும்."

"போட்டோ ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இல்ல. எல்லாம் தலைக்குள்ள இருக்குது. நான் சொல்றேன், நீ போடு."

அவர் சொல்லச் சொல்ல நான் வரைந்தேன். சமையலறையில் அடுப்பு இருக்கும் சுவர் எவ்வளவு கனம், அதன் மேல் செம்புப் பாத்திரங்கள் தொங்கும் கம்பி எந்த உயரத்தில், பாத்திரம் கழுவும் கல்தொட்டிக்குத் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும், இறைச்சி கெடாமலிருக்க வடக்குப் பார்த்துக் கட்டிய குளிர்ந்த அறை, ஒருவர் மேலே போனால் இன்னொருவர் இறங்க முடியாத பின்பக்கக் குறுகல் படிக்கட்டு, ஒவ்வொரு அறையிலிருந்தும் கம்பி வந்து சேர்கிற மணிகளின் வரிசை. எந்த மணிக்கு என்ன குரல் என்று வாயாலேயே அடித்துக் காட்டினார். இப்படிச் சொல்பவர் கிடைத்தால் வரைகிறவனுக்குக் கஷ்டமே இல்லை.

சமையலறையிலிருந்து ஒரு நீண்ட நடை. அதன் முடிவில் ஒரு கதவு. அந்தக் கதவுக்குப் பச்சைக் கம்பளித்துணி போர்த்தி, பித்தளை ஆணி அடித்திருப்பார்களாம். பாத்திரச் சத்தமும் சமையல் வாடையும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்பதற்காக.

"அந்தப் பக்கம் என்னங்க?"

"பெரிய கூடம். பெரிய படிக்கட்டு."

"படிக்கட்டு எந்தக் கைப்பக்கம் திரும்புதுங்க?"

கொஞ்சம் யோசித்து வலது என்றார். மறுநாள் இடது என்றார். கூடத்தில் எத்தனை ஜன்னல் என்று கேட்டால் "நிறைய" என்றார். கூரையைக் கேட்டேன், உயரமாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் புகைக்குழாயைத் தட்ட ஆரம்பித்தார். வயதாகி மறந்திருப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் குளிர்ந்த அறையின் கொக்கி வரைக்கும் நினைவிருக்கிற மனுஷருக்குக் கூடம் மட்டும் எப்படி மறக்கும்?

படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது எங்கள் ஊர்ப் பண்ணைக்காரர் வீடு ஞாபகத்துக்கு வந்தது. மழை பொய்த்த வருஷங்களில் அம்மா அங்கே நெல் குத்தப் போவாள். நானும் கூடப் போவேன். அந்த வீட்டின் புழக்கடையும் உரல் கிடந்த இடமும் தொழுவமும் குதிர்களும் கண்ணை மூடினாலும் வரைவேன். முன்கட்டில் எத்தனை தூண் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அவரிடம் அதை அப்படியே சொன்னேன். வேறெதுவும் கேட்கவில்லை.

துரை புகைக்குழாயைக் கீழே வைத்தார். பிறகு, "எங்க அம்மா அந்த ஊட்டுல பாத்திரம் கழுவினா சாமி" என்றார். "கிறிஸ்துமஸ் அன்னிக்கு மட்டும் எங்களையெல்லாம் அந்தக் கூடத்துல வரிசையா நிக்க வெப்பாங்க. தலையைத் தூக்கக் கூடாது. அதனால தரை மட்டும் நல்லாத் தெரியும். கறுப்புக் கல்லு ஒண்ணு, வெள்ளைக் கல்லு ஒண்ணு."

அக்கா சிறுமியாக இருந்தபோதே அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்தவராம். இப்போது கைகால் ஓயவும் போகச் சொல்லிவிட்டார்கள்.

"அவ ஒரு நாளும் முன்வாசல் வழியா உள்ள வந்ததில்ல. இந்த ஊட்டுல வரோணும்."

"எனக்கும் அந்த மாதிரிக் கூடம் எப்படியிருக்கும்னு தெரியாதுங்க. தெரியாததை ரெண்டு பேரும் சேந்து கட்டலாம்" என்றேன். அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். பச்சைத்துணிக் கதவை மட்டும் படத்திலிருந்து அடித்துவிடச் சொன்னார். அந்த இடத்தில் கதவே இல்லாத ஒரு வளைவு வைத்தேன்.

வீடு எழும்பியது. கறுப்புக் கல் மலையிலேயே கிடைத்தது. வெள்ளைக் கல் சங்ககிரிப் பக்கமிருந்து வந்து, அடிவாரத்திலிருந்து தலைச்சுமையாக ஏறியது. ஜன்னல் கண்ணாடிகளை வைக்கோல் பொதிந்து தூக்கிவந்தார்கள். துரைக்குச் சமைத்துப்போடும் மலைக்காரப் பெண்மணி தினமும் வந்து பார்த்து, "ஏனுங்க, இத்தனை பெரிய ஊட்டுல ரெண்டு பேரு இருந்தா ஒருத்தரை ஒருத்தர் தேடிக்கிட்டே திரியோணுமுங்களே" என்பாள்.

அக்காவை டோலியில் தூக்கிவந்தார்கள். குட்டையான, மெலிந்த அம்மாள். இறங்கியதும் வீட்டை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே, பக்கவாட்டில் பின்வாசலைத் தேடி நடக்கத் தொடங்கினார். துரை ஓடிப்போய்க் கையைப் பிடித்து முன்வாசலுக்கு அழைத்துவந்தார். நாங்கள் எல்லோரும் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

உள்ளே போனவர் தரையைப் பார்த்தார். வலது பக்கம் திரும்பிய படிக்கட்டைப் பார்த்தார். "அங்கே இது இடது பக்கம் திரும்பும்" என்று இங்கிலீஷில் சொன்னார். துரையின் முகம் சுருங்கிப்போயிற்று.

"நல்லதாப் போச்சு. அந்தப் படிக்கட்டை மண்டியிட்டுத் துடைச்சது போதும்" என்று இங்கிலீஷிலேயே தம்பியிடம் சொல்லிவிட்டு, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சமையல்காரப் பெண்மணி தேநீர்த் தட்டைக் கொண்டுவந்ததும் சட்டென்று எழுந்து அதை வாங்கப் போனார். இவள் கொடுக்க மாட்டேன் என்று இழுக்க, அவர் விடாமல் பிடிக்க, "உக்காருங்க அம்மணி, உக்காருங்க" என்று இவள் கெஞ்ச, ஒரு வழியாக இரண்டு பேரும் தட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேஜையில் வைத்தார்கள்.

மணிகளை மட்டும் அக்கா அந்த வாரமே கழற்றச் சொல்லிவிட்டார். வேலையாளைக் கூப்பிடும் அந்தச் சத்தம் கேட்டால் தூக்கத்திலும் எழுந்து நின்றுவிடுகிறாராம். தேவனூர் நாட்டுக்காரர்கள் கேட்டு வாங்கிப்போய் மாடுகளுக்குக் கட்டினார்கள்.

அதன் பிறகு சேலத்தில் எனக்கு மறுபடி வேலை கிடைத்துவிட்டது. யுத்தம் தொடங்கிய பிறகு, சமையல்காரப் பெண்மணியின் மகனுக்குக் கல்யாணம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். மலையேறிப் போனேன். அன்று காலையில் அடித்த காற்றிலும் மழையிலும் பந்தல் சாய்ந்துவிட்டது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஜனங்களும் நனைந்துகொண்டு துரை வீட்டுப் பின்பக்கம் வந்து ஒண்டினார்கள். அக்கா குடையும் இல்லாமல் வெளியே வந்து, "இப்படி! இப்படி!" என்று தெரிந்த ஒரே தமிழ் வார்த்தையைக் கத்திக்கொண்டு, எல்லோரையும் முன்வாசல் வழியாகக் கூடத்துக்குள் ஓட்டினார். சேற்றுக்காலோடு போக மலைக்காரர்கள் தயங்கினார்கள். துரை ஒரு கிழவரின் தோளைப் பிடித்து, "வா சாமி, கல்லுதான், கழுவிக்கலாம்" என்று இழுத்துப்போனார்.

தாலி கட்டியது அங்கேதான். மேளக்காரர்கள் படிக்கட்டில் ஏறி உட்கார்ந்து அடித்தார்கள். பந்தி அந்தத் தரையிலேயே நடந்தது. அக்காவும் சமையல்காரப் பெண்மணியும் வளைவு வழியாக அடுப்பங்கரைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார்கள். நடுவில் அக்கா என்னிடம் வந்து, இன்னும் வேண்டுமா என்று தமிழில் எப்படிக் கேட்பது என்றார்.

"இன்னுங் கொஞ்சம் போடட்டுங்களா" என்று சொல்லிக்கொடுத்தேன். இரண்டு தரம் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டு, சோற்றுக் கூடையோடு முதல் இலைக்குப் போனார்.