மாமி வாசித்த ஜனாதிபதிகள்

மாமி எந்தப் புத்தகத்தையும் பின்பக்கத்திலிருந்துதான் திறப்பார். கடைசித் தாள்களில் பொடி எழுத்தில் அடுக்கியிருக்கும் பெயர்ப் பட்டியலில் விரலை வைத்து மேலிருந்து கீழே மெதுவாக இறக்குவார். தெரிந்த பெயர் வந்ததும் விரல் நின்றுவிடும். “ஆ, இவரும் ஈக்கிறாரு” என்பார். கலியாண வீட்டில் தூரத்துச் சொந்தக்காரரைக் கண்டவர்போல முகம் மலரும். அந்தப் பெயர்கள் எல்லாம் அமெரிக்கப் பெயர்கள். ஜனாதிபதிகள், அவர்களுடைய மந்திரிமார், தேர்தலில் தோற்று வீட்டுக்குப் போனவர்கள், கடிதம் எழுதிக் குவித்த மனைவிமார். கண்டியைத் தாண்டி கொழும்புக்கே நாலைந்து தடவைதான் போயிருப்பார் மாமி. ஆனால் அந்த நாட்டின் இருநூறு வருடத்து ஆட்கள் எல்லோரும் அவருக்குப் பழக்கம்.

அவர் என் வாப்பாவின் ராத்தா, மூத்த சகோதரி. கலியாணம் செய்துகொள்ளவில்லை. கலகெதரயில் எங்கள் வீட்டின் முன்னறை அவருடையது. கண்டியில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் சுருக்கெழுத்தாளராக இருந்தார். சட்டத்தரணி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, பென்சிலால் கொக்கியும் வளைவும் புள்ளியுமாகக் கிறுக்கிக்கொண்டு போவார். பிறகு அதைப் பார்த்துத் தட்டச்சுச் செய்வார். ஒருமுறை வழக்குக்கு வந்த யாரோ ஒரு தடித்த புத்தகத்தை அலுவலகத்தில் மறந்து விட்டுப் போனார். ஆறு மாதம் காத்திருந்தும் ஆள் வரவில்லை. அடிமைகளை விடுவித்த அந்த உயரமான, தாடி வைத்த ஜனாதிபதியின் வாழ்க்கை வரலாறு அது. பகல் சாப்பாட்டு வேளையில் மாமி அதை விரித்தார். முக்கியமான காகிதங்களை அந்த மனிதர் தன் தொப்பிக்குள் செருகி வைத்துக்கொண்டு திரிவார் என்று வாசித்ததும், தன்னை மீறிச் சிரித்துவிட்டாராம். அன்றைக்குத் தொடங்கியதுதான். பழைய புத்தகக் கடைகளில் அமெரிக்கா என்று பெயர் போட்ட எதைக் கண்டாலும் விடமாட்டார். கண்டி குட்ஸ் ஷெட் பஸ் நிலையத்தில் நிற்கும்போதும், பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும் ஒரு கையில் புத்தகம் இருக்கும்.

வெற்றிகள் அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது. யுத்தத்தில் வென்ற அத்தியாயத்தை வேகமாகப் புரட்டிவிட்டு, வெல்வதற்கு முந்திய நாளில் அந்த மனிதர் என்ன சாப்பிட்டார், எதற்குப் பயந்தார் என்று தேடுவார். நடக்க முடியாத ஒரு ஜனாதிபதி தன் சக்கரக் கதிரையை ஊருக்குக் காட்டாமல் மறைத்த கதையை உம்மாவிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். “அவ்வளவு பெரிய ஆளு, கீழ உழுந்திருவனோ எண்டு பயந்து பயந்துதான் ஒவ்வொரு மேடையும் ஏறீக்கிறாரு. அத வாசிச்சா எனக்கு ஒரு நிம்மதி.” உம்மா அரிசி புடைத்துக்கொண்டே “ம்” என்பார்.

சுட்டுக் கொல்லப்பட்ட நான்கு ஜனாதிபதிகளுக்காக மாமி ஒரு தனிக் கொப்பி வைத்திருந்தார். நான்கு பேருக்கும் நான்கு படங்கள் வரைந்திருந்தார்: நாடகக் கொட்டகையில் யார் எங்கே இருந்தார்கள், ரயில் நிலையத்தில் யார் எந்தக் கதவால் வந்தார்கள், கைகுலுக்க நின்ற வரிசை எப்படி வளைந்தது, மோட்டார் வண்டிகள் எந்தத் தெருவில் திரும்பின. ஓரத்தில் எல்லாம் தன் சுருக்கெழுத்தில் குறிப்பு. “காவலுக்கு நிண்டவன் அந்த நேரம் எங்க போனான் எண்டு பாருங்க மகள்” என்று எனக்கு விரலால் காட்டுவார். ஏதோ அந்தக் காவல்காரனை இப்போதாவது போய்க் கூப்பிட்டு வந்துவிடலாம் என்பதுபோல் அந்தக் குரலில் ஒரு பதற்றம் இருக்கும்.

பிறகு அந்த ஏப்ரல் வந்தது. ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன. எங்கள் பெயரை வைத்திருந்த சிலர் செய்த காரியத்தால், எங்கள் பெயரைச் சொல்லவே எங்களுக்குப் பயமாக இருந்தது. நான் அப்போது ஆசிரியையாகி இரண்டு வருடம்தான். பட்டம் முடித்து நான்கு வருடம் காத்திருந்து கிடைத்த நியமனம். பாடசாலையில் என்னோடு தேநீர் குடித்தவர்கள் குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் நான் உள்ளே வந்ததும் பேச்சு ஒரு கணம் அறுந்து மறுபடி ஒட்டும். வீடு வீடாகச் சோதனை நடப்பதாகக் கேள்விப்பட்டோம். மீன் வெட்டும் பெரிய கத்தியை வைத்திருக்கலாமா என்று உம்மா கேட்டார். வாப்பா அலுமாரியைத் திறந்து, அரபு எழுத்து இருந்த பழைய காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஓதும்போது அவற்றைப் புரட்டிய கைகள், இப்போது எங்கே வைப்பதென்று தெரியாமல் அவற்றை அலுமாரிக்கும் மேசைக்குமாக மாற்றிக்கொண்டிருந்தன. மாமியின் புத்தகங்களை மட்டும் அவர் தொடவில்லை. முன்னறையின் திரையை அகலமாக விலக்கி வைத்தார்.

“ராத்தா, ஒங்கட பொஸ்தகமெல்லாம் நல்லாத் தெரியட்டும். இங்கிலீஷ் படிச்ச வீடு எண்டு வெளங்கும்” என்றார்.

மே மாதத்தில் ஒரு காலை, வெயில் ஏறுமுன் வந்தார்கள். இராணுவத்தினர் ஆறேழு பேர், பொலிஸார் மூன்று பேர். மரியாதையாகத்தான் கேட்டார்கள், சப்பாத்தைக்கூட வாசலில் துடைத்தார்கள். குசினி, கட்டில், கோழிக்கூடு எல்லாம் முடிந்து கடைசியாக முன்னறைக்கு வந்தார்கள். ஒரு இளம் சிப்பாய் புத்தகங்களை எடுத்து எடுத்து வைத்தான். அட்டையில் துப்பாக்கியோடு நிற்கும் தளபதிகளை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தான். பிறகு கொப்பி கையில் வந்தது. அதை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தான்.

அவர் விரித்த பக்கத்தில் ஒரு தெரு. அம்புக்குறிகளோடு வரிசையாக வண்டிகள். தெருவோரம் உயரமான கட்டடம், அதன் ஆறாம் மாடி ஜன்னலில் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி. சுற்றிலும் கொக்கியும் வளைவும் புள்ளியுமாக, யாருக்கும் விளங்காத எழுத்து.

“மேக்க மொகக்த?” என்றார். இது என்ன? “அரபா?”

“இல்ல மஹத்தயா. சுருக்கெழுத்து” என்று மாமி சிங்களத்தில் சொன்னார்.

“இந்த ஜன்னல்?”

மாமிக்குப் பொய் சொல்லத் தெரியாது. பயம் வந்தால் இன்னும் சுத்தமாக உண்மையைச் சொல்வார். “அங்க இருந்துதான் ஜனாதிபதிய சுட்டது.”

அது எந்த நாட்டு ஜனாதிபதி என்று அவர் சொல்லவில்லை. அறையில் இருந்த எல்லோருடைய தலையும் திரும்பியது.

“எந்த ஜனாதிபதி?” என்றார் இன்ஸ்பெக்டர், மிக மெதுவாக.

அமெரிக்காவில், எத்தனையோ வருடத்துக்கு முன்னால் என்று மாமி விளக்கினார். விளக்க விளக்க அது பெரிதாகிக்கொண்டே போனது. இது நாடகக் கொட்டகை, இது ரயில் நிலையம், நான்கு பேர், நான்கு இடம். எழுபதை நெருங்கிய ஒரு முஸ்லிம் பெண் இதை எல்லாம் எதற்காகப் படம் வரைந்து வைத்திருக்க வேண்டும் என்று கேட்டார்கள். “விருப்பத்துக்கு” என்றார். கொப்பியையும் ஏழு புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு, அவரையும் வரச் சொன்னார்கள். மாமி பர்தாவைச் சரிசெய்துகொண்டு, எடுத்த புத்தகங்களின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி கேட்டார். சட்டத்தரணியிடம் வேலை செய்த பழக்கம். பேனாவையும் அவரே நீட்டினார்.

துணைக்கு நான் போனேன். பொலிஸ் நிலையத்தில் ஒரு மேசைக்கு முன்னால் இருவரும் இருந்தோம். இன்ஸ்பெக்டர் கெட்டவர் அல்ல. அவருக்கும் பயம், அது முகத்தில் தெரிந்தது. தவறாக ஒருவரை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்ற பயம். அவர் மாமியையே கொப்பியை வாசிக்கச் சொன்னார். மாமி வாசித்தார்.

“நீங்க எழுதினத நீங்களே வாசிச்சா நான் எப்படி நம்புறது? வேற யாருக்கு இது தெரியும்?”

எனக்குத் தெரியும். உயர்தரப் பரீட்சை எழுதி முடிவுக்குக் காத்திருந்த காலத்தில் கண்டியில் ஒரு வகுப்பில் எட்டு மாதம் சுருக்கெழுத்துப் படித்தேன். பழகிப் பார்ப்பதற்கு இதே கொப்பியின் பழைய பக்கங்களைத்தான் எடுத்துக்கொண்டேன். நான் வாயைத் திறந்தால் போதும். ஆனால் அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடியது ஒன்றுதான். இரகசிய எழுத்து தெரிந்த இரண்டாவது ஆள். என் பெயர் ஒரு காகிதத்தில் ஏறும். அது பாடசாலைக்குப் போகும்.

மாமி என் பக்கம் திரும்பவே இல்லை. மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர்தான் என்னைப் பார்த்தார். “ஒங்களுக்கு?”

“தெரியாது” என்றேன்.

மாமியை வைத்துக்கொண்டு என்னை அனுப்பிவிட்டார்கள்.

அவர் வேலை செய்த சட்டத்தரணி இறந்து பல வருடம். வாப்பா அணுகிய இரண்டு சட்டத்தரணிகளும் இந்த நேரத்தில் வேண்டாம் என்றார்கள். அடுத்த நாள் எனக்கு ஒருவரின் ஞாபகம் வந்தது. கடுகண்ணாவையில், நீதிமன்றச் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு சிங்களப் பெண்மணி; நோனா என்றுதான் சொல்வோம். மாமியோடு வருடக்கணக்காகப் பகல் சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டவர். கண்டியில் மாறி அடுத்த பஸ் எடுத்தேன். எனக்குப் பக்கத்து ஆசனம் கடைசிவரை காலியாகவே இருந்தது. முன் ஆசனத்தில் இருந்த ஒருவர் என் பையைத் திறந்து காட்டச் சொன்னார். திறந்து காட்டினேன். தண்ணீர்ப் போத்தல், குடை, மாணவர்களின் கணக்குக் கொப்பிகள். அவர் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நோனாவின் வீட்டுப் படியில் நின்று கதவைத் தட்டும்போது, அவர் என்னைக் கண்டதும் கதவைச் சாத்திவிடுவார் என்றே நினைத்தேன்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடிந்ததும், “அவ இன்னும் அந்த சுடுபட்ட ஆக்களத்தான் எழுதிட்டு இருக்காளா?” என்று சிங்களத்தில் கேட்டுவிட்டு, சாரி மாற்ற உள்ளே போனார்.

பொலிஸில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நோனா வாசித்தார். மாமியை வேறு அறையில் வைத்திருந்தார்கள். கொப்பியில் இருந்த ஆங்கிலத்தைச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு போனார். காவலுக்கு நின்றவன் பக்கத்துக் கடைக்குக் குடிக்கப் போனான். இந்த ஜனாதிபதியைக் கொன்றது குண்டல்ல, கழுவாத கையோடு காயத்துக்குள் விரல் விட்ட டாக்டர்மார். இன்ஸ்பெக்டரின் பேனா பாதியில் நின்றது. “உண்மையா?” என்றார். பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிளும் குனிந்து பார்த்தார்.

கைகுலுக்கும் வரிசையின் பக்கம் வந்தது. நோனா வாசித்தார்: “வரிசையில் வந்தவன் கையில் கைக்குட்டை சுற்றியிருந்தது. யாரும் அதைக் கேட்கவில்லை.” அடுத்த வரியில் கொஞ்சம் தயங்கினார். “இன்று மகளுக்கு ஆசிரியர் நியமனக் கடிதம் வந்தது. அல்ஹம்துலில்லாஹ். இனி எனக்குக் கவலை இல்லை.”

எந்த மகள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நோனா என்னைக் காட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் பகல் மாமி வீட்டுக்கு வந்தார். புத்தகங்களைத் தந்தார்கள். கொப்பியை விசாரணை முடிந்ததும் தருவதாகச் சொன்னார்கள், தரவே இல்லை. மாமி குளித்தார், தொழுதார், சோறு தின்றார். ஒரு வாரம் பொறுத்து, அவருடைய கட்டில் ஓரத்தில் இருந்து அழுதுகொண்டே, பயத்தில்தான் தெரியாது என்றேன் என்று சொன்னேன்.

“தெரியும் மகள்” என்றார். “நான் ஒங்கட பக்கம் திரும்பாம ஈந்ததே அதுக்குத்தான். தெரியும் எண்டு செல்லீந்தா ரெண்டு பேரயும் வச்சீப்பாங்க. நல்லதாப் போச்சு.”

அதில் கோபம் இல்லை. ஆனால் ஆறுதலும் இல்லை. அவர் அப்படித்தான் நினைத்தாரா, எனக்காகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பல மாதம் அவர் புத்தகமே எடுக்கவில்லை. ஒரு நாள் பாடசாலை விட்டு வந்தபோது, ரப்பரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு புத்தகத்தின் ஓரத்திலும் இருந்த பென்சில் குறிப்புகளை அழித்துக்கொண்டிருந்தார். மடியெல்லாம் ரப்பர்த் துகள். நான் இன்னொரு ரப்பரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். அழிக்குமுன் ஒவ்வொரு வரியையும் கண்ணால் வாசித்தேன். அதை அவர் கண்டார். அடுத்த புத்தகத்தை என் பக்கம் தள்ளிவிட்டார். பிறகு மறுபடி வாசிக்கத் தொடங்கினார். பென்சில் இல்லாமல், சுடுபட்ட ஜனாதிபதி என்றால் கடைசி அத்தியாயத்துக்கு முன்னாலேயே புத்தகத்தை மூடிவிட்டு.

இப்போது அவருக்குக் கண் சரியில்லை. பாடசாலை விட்டு வந்து பின்னேரங்களில் நான்தான் சத்தமாக வாசிக்கிறேன். போன கிழமை, தேர்தலில் தோற்று ஊருக்குத் திரும்பிய ஒரு ஜனாதிபதியின் கதை. அவர் தன் தோட்டத்து வேலியைச் சரிபார்க்கும் பக்கத்தில் இருந்தோம். வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. என் குரல் தானாகவே இறங்கி, நின்றுபோனது.

“ஏன் நிப்பாட்டினீங்க?” என்றார் மாமி. அவருடைய இரண்டு கைகளும் கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தன.

“வண்டி ஒண்டு...”

“கேட்டிச்சி. நீங்க வாசிங்க. சத்தமா வாசிங்க.”

நான் வாசித்தேன். வண்டியின் கதவு திறக்கிறதா என்று அவரும் கேட்டுக்கொண்டிருந்தார், நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வரியையும் விடாமல் வாசித்தேன்.