மூன்றாவது பெனால்ட்டி கார்னர்

காலையில் எழுந்ததும் தேநீர்கூடப் போடாமல், நேற்றைய பெண்கள் ஹாக்கி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களைப் போனில் மறுபடி பார்த்தேன்.

இந்திய அணியின் பதினேழு வயதுப் பெண் இரண்டு பெனால்ட்டி கார்னர்களை வீணாக்கியிருந்தாள். மூன்றாவதையும் கேப்டன் அவளுக்கே கொடுத்தார். பந்து வலைக்குள் போனபோது மேலெல்லாம் புல்லரித்தது.

கருங்கல் ஊருக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்து வீட்டு லில்லி மைனியிடம் அந்த வீடியோவைக் காட்டினேன்.

"சின்னப் பிள்ளைக்க தலையில இம்புட்டு பாரத்த வைக்கலாமாட்டி? இதும் தப்பிப் போயிருந்தா எல்லாவனும் அவளத்தானே ஏசியிருப்பான்?"

கொஞ்சம் பின்னால் தள்ளிக் காட்டினேன். இரண்டாவது அடி வீணானதும் கேப்டன் ஓடிவந்து, அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, தன் நெஞ்சைத் தட்டிக் காட்டுகிறார்.

"ஏச்சு வந்தா எனக்கு, நீ அடின்னு சொல்லுகா, கேட்டியா!" மைனி போனை விடவே இல்லை. "பொறவு எதுக்கு உனக்க மொவளுக்குக் கேப்டன் வேண்டாம்னு சொன்ன?"

மாவட்ட ஹாக்கி அணிக்கு என் மகள் ஆன்சியைக் கேப்டனாகக் கோச் கேட்டபோது, தோற்றால் பதினைந்து வயதுப் பிள்ளையை ஏசுவார்களே என்று நான்தான் மறுத்தேன். அன்றிலிருந்து அவள் என்னிடம் முகம்கொடுத்துப் பேசுவதில்லை.

இன்று சாயங்காலம் கோச்சிடம் சரி என்று சொல்லப்போகிறேன். ஆன்சிக்கே இன்னும் தெரியாது. குவைத்திலிருக்கும் அவளுடைய அப்பாவை யாரும் இந்தப் பதிவில் டேக் செய்துவிடாதீர்கள். நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.