டைனோசர் காலடியில் செருப்புக் குவியல்

டைனோசர் காட்சிக்கூடத்தில் வழிகாட்டி வேலை பார்ப்பவளுக்கு ஒரே எதிரி, தலையாட்டி உறுமும் மின்சார டைனோசர்தான். உங்கள் வேலையிடத்திலும் இப்படி ஒன்று இருக்குமே! ஈப்போவுக்கு வர்ற சனமெல்லாம் அதனிடம்தான் ஓடும். சிமெண்டில் டைனோசர் காலடித் தடங்களை வார்த்து வைத்திருக்கிற என் கூடத்துக்கு ஈ காக்கா வராது. முதலாளி ஒருநாள் முடிவாகச் சொல்லிவிட்டார்: "மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். ஆள் நிக்கலன்னா அங்க ஐஸ்கிரீம் கடை, நீ டிக்கெட் கவுண்டர்." அன்றிலிருந்து வாசலிலேயே நின்று ஆள் பிடித்தேன். அந்தத் தரை மேல் எனக்கு அவ்வளவு ஆசை.

ரசிகர்

காம்பாரிலிருந்து வந்த ஒருவர் குனிந்து குனிந்து பார்த்தார். ஆஹா, கிடைத்தாரடா ஒருத்தர் என்று ஓடினேன். "என்னாம்மா, தரை பூரா லோபாங்கா, குழி குழியா இருக்கு? புள்ளைங்க கால் மாட்டிக்கப் போவுது, அடைக்கக் கூடாதாலா?"

குறுக்குக் கேள்வி

"எல்லாத் தடமும் ஒரே பக்கம் போகுது பாருங்க. கூட்டமா நடந்திருக்கு" என்று ஒரு நாள் விளக்கிக்கொண்டிருந்தேன். பாகான் செராய் வாத்தியார் ஒருவர் மடக்கினார். ஆற்றோரமாக ஒரே வழிதான் இருந்தால், காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று தனித்தனியாகவும் போயிருக்கலாமே?

நியாயமான கேள்வி. ஆராய்ச்சி செய்கிறவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். அதனால்தான் பக்கத்துத் தடங்களுக்கு நடுவில் இடைவெளி மாறாமல் இருக்கிறதா, எல்லாம் ஒரே இடத்தில் திரும்புகின்றனவா என்றும் பார்க்கிறார்கள் என்றேன். வாத்தியாருக்கு ஒரே குஷி. கூட்டாளியைக் கத்திக் கூப்பிட்டார்: "மச்சான், இங்க வா! நம்ம ரெண்டு பேரும் ரெண்டு மோட்டார் சைக்கிள்ல சேர்ந்து திரும்புற மாதிரியே திரும்பியிருக்கு!"

மாசக் கடைசி ஞாயிறு

நல்ல மழை. தஞ்சோங் ரம்புத்தான் பக்கமிருந்து ஒரு வேன் நிறையக் குடும்பங்கள், எல்லாரும் ஒரு காலத்தில் ஒரே ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்கள். முன்னால் வந்த பாக்கியம் அக்கா தரையில் பாதங்களைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாமி பாதமாம்! பின்னால் வந்தவர்களும் மளமளவென்று கழற்றினார்கள். வாசலில் செருப்புக் குவியலைக் கண்டதும், உறுமல் டைனோசரிடம் நின்றவர்களும் என்னவோ ஏதோவென்று வெறுங்காலோடு வந்துவிட்டார்கள்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு உண்மையைச் சொன்னேன். அக்கா அசரவில்லை. அப்போதுதான் பார்த்தேன், காய்ந்த தரையில் அவர்களுடைய ஈரக் கால்தடம். இரண்டு ஓரமும் பெரியவர்கள், நடுவில் குட்டிக் குட்டிப் பாதங்கள்!

"இதேதான்! உங்க தடத்தையே பாருங்க!" என்று கத்தினேன். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "டைனோசர் குட்டிங்களும் பெருசுங்களோட சேர்ந்து போயிருக்குக்கா. நடுவுலயா, பின்னாலயான்னுதான் இன்னும் சண்டை."

"நடுவுலதான்மா. பின்னால விட்டா ஐஸ்கிரீம் கடையில நின்னுரும்லா!" என்றார் அக்கா.

கூடமே சிரித்தது. திரும்பினால் வாசலில் முதலாளி, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு. "ஐஸ்கிரீமை வெளியிலயே வச்சுக்கலாம். நீ மொதல்ல செருப்பு வைக்க ஒரு ஸ்டாண்டு வாங்கு."

ஆராய்ச்சிக்காரர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், அந்த டைனோசர் கூட்டத்துக்கும் முன்னால் ஒரு பாக்கியம் அக்கா போயிருக்கத்தான் வேண்டும்.