சாம்பல் கலந்த ஏழு சாக்கு

தேயிலைத் தோட்டத்தில் கரி சுடும் பயோசார் சூளைக்கு என்னை மாற்றிய முதல் நாள் தோட்ட மேனேஜர் துரை சொன்னது இவ்வளவுதான்: "புகை லைன் பக்கம் வரக்கூடாதுலா. அதான் மேல வெச்சிருக்கோம். ஒரு ஆள் போதும்." தொழிற்சாலை பாய்லரில் இருபது வருஷம் நின்றவன் என்பதால் என்னைப் பிடித்தார்.

மேல் என்றால் லைன் வீடுகளிலிருந்து முக்கால் மணி நேர ஏற்றம். கைபேசி எடுக்காது. என் மனைவி ஜொகூரில் மகளின் பிரசவத்துக்குப் போனவள், பேத்தியைப் பார்த்துக்கொள்ள அங்கேயே தங்கிவிட்டாள். காலையில் நான் பூட்டிய வீட்டை மாலையில் நானே திறப்பேன்.

வேலை கஷ்டமில்லை. கவாத்து செய்த தேயிலைக் குச்சிகளைக் காயவைத்து, இரும்பு டிரம்மில் அடுக்கி, மேலே தீ வைக்க வேண்டும். முதலில் வெள்ளைப் புகை வரும், அது ஈரம். புகை மெலிந்து நீலமானதும் மூடியைப் போட்டு, காற்றுத் துளைகளைச் சேறு பூசி அடைக்க வேண்டும். காற்றில்லாமல் வெந்தால் கரி. மூடப் பிந்தினால் சாம்பல்.

செவ்வாய்க்கிழமைதோறும் நாற்றுப்பண்ணை சரோஜா, நாற்று மண்ணில் கலக்கும் கரியை எடுக்க லோரியில் வருவாள். டிரைவர் பங்களாதேஷ்காரர், அவருக்கும் எனக்கும் நாலு மலாய் வார்த்தைதான். சரோஜா பிளாஸ்கில் தேநீர் கொண்டுவந்து, கோயில் கூட்டத்தில் யார் யாரோடு சண்டை, கியா பார்ம் சந்தையில் தக்காளி என்ன விலை என்று சொல்லிக்கொண்டிருப்பாள். வாரத்தில் நான் மனம்விட்டுத் தமிழ் பேசியது அந்த அரை மணி நேரம்தான். திங்கட்கிழமை மாலை இறங்கும்போது ஆபீஸில் சாக்குக் கணக்குச் சொல்வேன்; சாக்கு தயாரில்லை என்றால் மறுநாள் லோரி வராது.

ஒரு சனிக்கிழமை பனிமூட்டம் இறங்கிவிட்டது. எது புகை, எது பனி என்று தெரியவில்லை. மூடப் பிந்திவிட்டேன். திங்கட்கிழமை திறந்தால் பாதி சாம்பல். கொட்டிவிட வேண்டிய சரக்கு. சலித்துக்கூடப் பார்க்காமல் ஏழு சாக்கில் கட்டி வைத்தேன். செவ்வாய் லோரி வந்தது.

தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும். சாம்பல் அதை முறித்துவிடும். ஒரு மாதம் கழித்துச் சரோஜா பிளாஸ்க் இல்லாமல் வந்தாள். நாற்றெல்லாம் மஞ்சளாகிவிட்டதாம்.

"அளவு தப்பா கலந்துட்டேன்னு தொர சொல்றாருண்ணே. எப்பவும் போலதான் கலந்தேன். அடுத்த மாசம் கொழுந்து பறிக்கப் போவணுமாம்."

முழங்காலில் ஆபரேஷன் செய்தவள். சரிவில் அவளால் நிற்க முடியாது. நான் சாக்குகளை ஏற்றி லோரியை அனுப்பிவைத்தேன்.

வியாழக்கிழமை காலை ஆபீஸுக்குப் போய், சாம்பல் சரக்கைக் கட்டியது நான்தான் என்று சொன்னேன். ஏன் கட்டினாய் என்று துரை கேட்டார். கவனிக்கவில்லை என்று பொய் சொன்னேன். எனக்கு வார்னிங் லெட்டர் கிடைத்தது. சரோஜா நாற்றுப்பண்ணையிலேயே இருந்தாள். இனிமேல் சாக்குகளைக் கீழே கொண்டுவந்து சோதித்துத்தான் வாங்க வேண்டும், அதற்கு டிரைவர் மட்டும் போனால் போதும் என்று துரை முடிவு செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை சரோஜா வீட்டுக்குப் போய் உண்மைக் காரணத்தைச் சொன்னேன். சாக்கு இல்லையென்றால் நீ வரமாட்டாய், அதனால்தான் கட்டினேன் என்றேன்.

"சாக்கு இல்லன்னு சொல்லியிருக்கலாம்ணே," என்றாள் சரோஜா. "நான் சும்மாவே வந்திருப்பேன்."

அதன்பின் இரண்டு வருஷம் சூளையில் இருந்தேன். செவ்வாய்க்கிழமை டிரைவர் வருவார், இருவரும் சாக்கு ஏற்றுவோம், கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார்.

இப்போது சூளைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பனி இறங்கினால் தீ வைக்காதீர்கள். சாம்பல் விழுந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அந்த வாரம் யாரும் மேலே வராமல் போனாலும் பரவாயில்லை.