சாந்தியம்மாளுக்காகப் புல் தேடியவர்

தேர்வுத் தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியர் வந்து கதவருகில் நின்றார். “தங்கவேல் சார் போயிட்டாராம் டீச்சர்” என்றார். எங்கே போனார் என்று கேட்டுவிட்டேன். பிறகுதான் அவர் முகத்தைக் கவனித்தேன். வாடிப்பட்டியில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியவர், பேருந்து இருக்கையிலேயே சாய்ந்துவிட்டாராம். மதுரைக்கு வரும்வரை தூங்குகிறார் என்றே பக்கத்தில் இருந்தவர் நினைத்திருக்கிறார்.

தங்கவேல் சார் எங்கள் பள்ளியின் தாவரவியல் ஆசிரியர். நான் வணிகவியல். பத்தொன்பது ஆண்டுகள் ஆசிரியர் அறையில் எதிரெதிர் மேசை. அதிகம் பேசமாட்டார். வீட்டுச் சங்கதி எதையும் வெளியே சொல்லமாட்டார். அவருடைய மனைவி சாந்தியம்மாளுக்குக் கண் நீர் அழுத்த நோயால் பார்வை முற்றிலும் போய்விட்டது என்பதே எங்களுக்கு ஓராண்டு கழித்துத்தான் தெரிந்தது.

வில்லாபுரத்தில் அவர்களுடைய வீட்டைச் சுற்றிச் சிமெண்டுத் தளம். ஒரு நாள் துணி எடுக்க வந்த சாந்தியம்மாள் அதில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டுப் பிரித்த பிறகும் வாசற்படி தாண்ட மறுத்துவிட்டார். அந்தக் கோடை விடுமுறையில்தான் சார் ஆள் வைத்துத் தளத்தை உடைத்து, மண் கொட்டினார். விழுந்தாலும் அடிபடாத தரை வேண்டும் என்றார்.

முதலில் கொரியன் புல் வாங்கிப் பதித்தார். அடர்த்தியாக, கம்பளம் போல வந்தது. சாந்தியம்மாளைக் கைப்பிடித்து இறக்கினார். ஓரடி வைத்தவர் காலை இழுத்துக்கொண்டு, “குத்துதுங்க” என்றாராம். மறுநாள் என்னிடம் தலை நிமிராமல் சொன்னார்: “கண்ணு தெரியாதவளுக்கு, நான் கண்ணால பாத்துப் புல்லு வாங்கியிருக்கேன் டீச்சர்.”

அடுத்தது பெர்முடா. “நம்ம பிள்ளையாருக்கு வைக்கிற அருகம்புல்லோட சொந்தக்காரன்தான், பேரை மாத்திக்கிட்டு விலை கூடிப்போச்சு” என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது கொஞ்சம்தான். அந்தப் புல் காலுக்கு மெத்தென்று இருந்தது. ஆனால் வெயில் படாத இடத்தில் அது நிற்காது. வேப்ப மரத்தடியில் மாதத்துக்கு மாதம் மெலிந்து, கடைசியில் மண் தெரிந்தது. மரத்தை வெட்டிவிடலாம் என்று எல்லாரும் சொன்னோம். “அந்த மரத்தைத் தொட்டுத்தான் அவ திரும்புவா” என்று மறுத்துவிட்டார்.

நானும் ஒரு நாள் கேலி செய்தேன். “புல்லுக்கு இம்புட்டுப் பாடா சார்? பேசாம பிளாஸ்டிக் புல்லை விரிச்சு விடுங்க.” அவர் கோபப்படவில்லை. “நம்ம ஊரு வெயிலுக்கு அது கொதிக்கும் டீச்சர். அவ வெறுங்காலோட நடக்கணும்” என்று மட்டும் சொன்னார். நான் அப்படிப் பேசியதை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நாற்றுப்பண்ணைகளுக்கு அலைந்தார். அழகர்கோவில் சாலையில் ஒரு பண்ணையில் செருப்பைக் கழற்றி, துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு, பாத்தி பாத்தியாக நடந்தாராம். “புல்லு வாங்க வந்தீகளா, வேண்டுதலா சார்?” என்று பண்ணைக்காரர் கேட்டாராம். அங்கேதான் எருமைப்புல்லைக் கண்டுபிடித்தார். அகல இலை, முரட்டுத் தோற்றம். அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் நிழலைத் தாங்கும். வில்லாபுரத்து ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரையும் தாங்கும். மிதித்தால் அமுங்கிக் கொடுக்கும். ஒரு சாக்கு நிறையப் புல்கொடிகளைக் கொண்டுவந்து சாண் இடைவெளியில் தானே குந்தி நட்டார். முதல் கோடையில் பாதி கருகியது. மறுபடி நட்டார்.

சென்ற ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு மாலை தொலைபேசியில் அழைத்தார். “டீச்சர், இன்னைக்கு அவ தனியா ஆறு சுத்து நடந்தா. நான் கூடப் போகலை, படியிலேயே உக்காந்திருந்தேன்” என்றார். “ஒரு நாள் வந்து பாருங்க” என்று கூப்பிட்டார். “வாரேன் சார்” என்றேன். போகவில்லை. வேலை என்று பெரிதாக ஒன்றுமில்லை. சும்மாதான் தள்ளிப் போட்டேன்.

அந்தப் புல்லை நான் முதன்முதலில் பார்த்தது அவர் உடலை அதன் நடுவே கிடத்தியிருந்தபோது. மேலே பந்தல். நாற்காலிக் கால்கள் மண்ணுக்குள் இறங்கியிருந்தன. துக்கத்துக்கு வந்த எல்லாரும் செருப்புக் காலோடு நடந்தோம்.

பதினாறாம் நாள் கழிந்து மீண்டும் போனேன். மகன் அம்மாவைச் சென்னைக்கு அழைத்துப் போகிறார்; நான்காம் மாடி வீடு. இந்த வீட்டுக்கு வாடகைக்கு வருகிறவர்கள் கார் நிறுத்தச் சிமெண்டு போட்டுத் தரக் கேட்டிருக்கிறார்கள். மகனையும் குறை சொல்வதற்கில்லை. அம்மாவை எப்படித் தனியே விட முடியும்?

சாந்தியம்மாள் வெறுங்காலோடு புல்லில் நின்றிருந்தார். “எப்படி இருக்கு டீச்சர்?” என்று கேட்டார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. “பந்தல் போட்ட இடமெல்லாம் மஞ்சளாக் கெடக்கும்மா.”

“தெரியுது. காலுக்குத் தெரியுது” என்றார். “அவுக இருந்தா, பச்சைப் பசேர்னு இருக்கு சாந்தின்னு சொல்லியிருப்பாக. நானும் ஆமான்னு கேட்டுக்கிட்டிருப்பேன்.”

பிறகு என் கையை விலக்கிவிட்டு நடக்கத் தொடங்கினார். ஊருக்குக் கிளம்ப இன்னும் நான்கு நாட்கள் இருந்தன. நான் படியில் உட்கார்ந்து அவர் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கும் தடுமாறவில்லை, சார்.